கைராசிக்காரியின் பிள்ளை

சிலாங்கூரின் ஈஜோக் ஊரில் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால், குளிப்பாட்ட முதலில் அம்சவள்ளிக்குத்தான் போன் போகும். பச்சைப்பிள்ளையைக் காலில் போட்டு, எண்ணெய் தேய்த்து, கைகாலை நீட்டி நீவி, வெந்நீர் ஊற்றினாளென்றால் வீறிட்டுக் கத்திய பிள்ளை சொக்கித் தூங்கிப்போகும். எட்டத்திலிருக்கும் புக்கிட் செந்தோசாவிலிருந்துகூடக் கார் அனுப்பிக் கூட்டிப்போவார்கள். கைராசிக்காரி என்று பேர். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இல்லையென்று யாராவது சொன்னால் அவளே சிரிப்பாள்.

அப்பேர்ப்பட்டவளுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து ஒரு பெண் பிறந்தது. அதுவும் ஏழாம் மாதத்திலேயே. எடை ஒரு கிலோவும் சொச்சமும். பெரியாஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கில் குழாயோடு கிடந்தது.

ஐந்தாம் நாள், பெட்டியின் ஓட்டை வழியாகக் கைவிட்டுப் பேம்பர்ஸ் மாற்றச் சொன்னார்கள். மாற்றினாள். மாற்றியவள் அத்தோடு விட்டாளா? பழக்கதோஷம்! இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து நீட்டி, முழங்காலில் லேசாக ஒரு நீவு நீவினாள். அவ்வளவுதான். பிள்ளை விறைத்தது, உதடு நீலமானது, மிஷின் அலறியது. நர்ஸ் மிஸ்ஸி ஓடிவந்து மூச்சைத் திருப்புவதற்குள் அம்சவள்ளிக்குப் பாதி உயிர் போய்விட்டது.

அதன்பிறகு ஒன்பது நாள் அவள் பிள்ளையைத் தொடவேயில்லை. தினமும் வருவாள். முழங்கை வரை கழுவுவாள். பெட்டியருகே கையைக் கட்டிக்கொண்டு, ரத்தத்திலுள்ள ஆக்சிஜன் அளவைக் காட்டும் மிஷின் எண்ணையே பார்த்துக்கொண்டு நிற்பாள். தொண்ணூறுக்குக் கீழே இறங்கினால் உடனே மிஸ்ஸியைக் கூப்பிடுவாள்.

"ஒரு தடவ தொட்டுப் பாரேன் வள்ளி," என்று செம்பனைக்குலை ஏற்றும் லோரி ஓட்டும் கணவன் சத்தியசீலன் கெஞ்சினான்.

"நீங்க சும்மா இருங்க. ஊரு புள்ளைக்கெல்லாம் ராசியான கை, எம்புள்ளைக்கு எமனாப் போச்சு."

அந்த ஒன்பது நாள் கழிந்து பத்தாம் நாள் ஜஸ்மின் அவளைப் பிடித்துக்கொண்டாள். குவாலா சிலாங்கூர் சாப்பாட்டுக்கடை உதுமானின் மகள். அந்த வார்டுக்குப் பிசியோதெரபி பார்ப்பவள். துண்டைச் சுருட்டி அணைகட்டி, குறைமாசப் பிள்ளைகளைக் கைகால் மடங்கினாற்போல் படுக்கவைப்பது அவள் வேலை. வாய் கொஞ்சம் வெடுக்.

"என்னக்கா, எத்தன நாளைக்கு இப்படி ஜாகா மாதிரி காவல் நிப்பீங்க?"

"பயமா இருக்கு மிஸ். நான் தொட்டுத்தானே அன்னைக்கு..."

"தொட்டதுனால இல்லக்கா, நீட்டுனதுனால. இன்னும் வயித்துக்குள்ள சுருண்டு கெடக்க வேண்டிய புள்ள லா இது. இன்னைக்கு நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம். கைய வெச்சுட்டுச் சும்மா இருங்க."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான். தடவக் கூடாது, தட்டக் கூடாது."

அம்சவள்ளி ஒரு கையைப் பிள்ளையின் தலையைச் சுற்றி வைத்தாள். மறுகை மடங்கிய பாதங்களை அணைத்தது. எண் எண்பத்தெட்டுக்கு இறங்கியது.

"மிஸ்! எறங்குது மிஸ்!"

"நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எடுக்காதீங்க. அம்மா கை எதுன்னு அதுக்குத் தெரியட்டும்."

எண்பத்தாறு. முருகா, முருகா என்று அவள் உதடு மட்டும் அசைந்தது. எண்பத்தாறிலேயே நின்றது. பிறகு எண்பத்தொன்பது. தொண்ணூற்றிரண்டு. தொண்ணூற்றைந்து.

அதற்குப் பிறகுதான் பெரும்பாடு. அந்தக் கைக்குச் சும்மா இருந்து பழக்கமேயில்லை. கட்டைவிரல் நீவத் துடித்தது. பல்லைக் கடித்து அடக்கினாள். கழுத்து வலித்தது, மூக்கு அரித்தது. அசையவில்லை. இருபது நிமிடம். பிள்ளையின் சுருங்கிய நெற்றி மெல்ல விரிந்து, வாய் லேசாகத் திறந்துகொண்டது. தூங்கிவிட்டது.

"போதும்க்கா. மெதுவா ஒவ்வொரு கையா எடுங்க."

"எடுத்தா எறங்கிருமே மிஸ்."

"எடுங்க லா."

பாதத்திலிருந்த கையை எடுத்தாள். பிறகு தலையிலிருந்ததை. எண் தொண்ணூற்றொன்றுக்கு வந்தது. தொண்ணூற்றுமூன்று, தொண்ணூற்றுநான்கு. அங்கேயே நின்றது. பிள்ளை பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்தது.

அம்சவள்ளி தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

"மறுபடி எப்ப மிஸ் வைக்கலாம்?"

"மூணு மணிக்கு. இப்ப போய்ச் சாப்பிடுங்க."

மணி அப்போது பன்னிரண்டரை. அம்சவள்ளி நேரே குழாயடிக்குப் போய், முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ ஆரம்பித்தாள்.