ஆறாம் எண் ஆட்டக்காரருக்காக ஒரு மனு

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சாமிக்கு, திங்கட்கிழமை கலெக்டருக்கு. கடலூர் கலெக்டர் ஆபீசில் திங்கள்தோறும் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்கு அம்மா தவறாமல் போவாள். தெருவிளக்கு எரியாவிட்டாலும் சரி, குழாயில் தண்ணீர் கலங்கலாக வந்தாலும் சரி, கோடு போட்ட முழுநீளத் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா என்று ஓரம் மடித்து எழுதுவாள். தெருவில் பாதிப் பேருக்கு அவள்தான் மனு எழுத்தாளர். எழுதியதில் பாதி நடக்கும், பாதி நடக்காது. நடக்காததற்கு நினைவூட்டு மனு எழுதுவாள். "வாயால சொன்னா காத்துல போவும், எழுதிக் குடுத்தா ஃபைல்ல இருக்கும்" என்பது அவள் கொள்கை. அப்பா முதுநகர் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் பேக்டரியில் வேலை பார்த்தார். அவருக்குக் கொள்கை என்று எதுவும் கிடையாது.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் மாமா சிதம்பரத்திலிருந்து வந்து இறங்கினார். மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. தாத்தா போன பிறகு அவரைப் படிக்கவைத்தது அம்மாதான். அண்ணாமலை நகரில் ஒரு லாட்ஜில் தங்கிப் படித்துக்கொண்டு, ஹாக்கி ஆடிக்கொண்டிருந்தார். படிப்பைப் பற்றி வீட்டில் யாரும் அதிகம் பேசுவதில்லை. ஹாக்கியைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். ஜூன் மாதம் போலீசில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கான தேர்வு வருகிறது, தன் தம்பி எஸ்.ஐ. ஆகப்போகிறான் என்று அம்மா மளிகைக் கடைக்காரரிலிருந்து தபால்காரர் வரை சொல்லி வைத்திருந்தாள். காக்கிச் சட்டைக்கு அளவு எடுப்பதுதான் பாக்கி.

மாமா தன் கம்ப்யூட்டரையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். மானிட்டரைப் போர்வையில் சுற்றிப் பச்சைக் குழந்தையைப்போல் மடியில் வைத்தே பஸ்ஸில் வந்தாராம். கூடவே ஹாக்கி மட்டைகள், பாய், வாளி, குவளை.

"லீவுக்கு வர்றவன் வாளியோட ஏன்டா வர்ற?" என்றாள் அம்மா.

"லாட்ஜுல திருட்டு ஜாஸ்திக்கா" என்றார் மாமா. வாளியைத் திருடும் ஊரா சிதம்பரம் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கம்ப்யூட்டரில் ஒரு ஹாக்கி கேம் இருந்தது. சிதம்பரத்தில் ஒரு கடையில் 'ஹாக்கி' என்று எழுதியிருந்ததைப் பார்த்துப் பாய்ந்து வாங்கிய சி.டி. அறைக்கு வந்து போட்டுப் பார்த்தால் தரை முழுக்க வெள்ளை. மெத்தையைக் கட்டிக்கொண்டதுபோல் உடுத்திய தடியர்கள் வழுக்கிக்கொண்டு போகிறார்கள். பந்துக்குப் பதில் ஒரு கறுப்பு வில்லை. முதலில் பார்த்தபோது உப்பளத்தில் ஆடுகிறார்கள் என்றே நினைத்தேன். ஐஸ் என்று மாமா சொன்னதும் அப்பா எட்டிப் பார்த்தார். வீட்டில் ஐஸ் விவகாரத்துக்கு அவர்தான் அதிகாரி. இரண்டு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஐஸ் இல்ல, இவ்ளோ நேரம் நின்னா காலு மரத்துப் போயிருக்கும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

ஆனால் பசிக்குப் பழையது என்பதுபோல் மாமாவும் அவருடைய லாட்ஜ் கூட்டாளிகளும் அதையே வருடக்கணக்கில் ஆடினார்கள். அந்த கேம் வருடா வருடம் புதிதாக வரும். வருகிற வருடத்துக் கேமில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய ஓயாத பேச்சு. கூட்டாளிகளுடன் போனில் மணிக்கணக்காகப் பேசுவார் மாமா. புல்தரை வேண்டும். பெனால்டி கார்னர் வேண்டும். இந்திய அணி வேண்டும், அதுவும் ஒப்புக்கு இல்லாமல் ஜெயிக்கிற அணியாக வேண்டும். மழை பெய்து மைதானம் சேறாக வேண்டும், சேற்றில் பந்து நிற்க வேண்டும். அம்பயரிடம் சண்டை போட ஒரு பொத்தான் வேண்டும். இதெல்லாம் வந்தாலும் தங்களிடம் இருக்கிற ஓட்டைக் கம்ப்யூட்டரில் ஓட வேண்டும். அதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆசை.

வீட்டிலும் இந்தப் பித்து தொற்றிக்கொண்டது. மட்டையைப் போட்டுவிட்டுக் கையால் குத்திக்கொள்ளும் அந்த ஆட்டக்காரர்களைப் பார்த்து அம்மா, "இத்தினி அடிதடி எதுக்கு? பொம்பளப் புள்ளைங்களை ஆட விட்டா ஒழுங்கா ஆடிட்டுப் போவுதுங்க, ஒண்ணையும் காணமே" என்றாள். மாமா அதையும் சேர்த்துக்கொண்டார். எனக்கு ஒரே ஒரு கோரிக்கை. கரண்ட் போனால் ஆட்டம் அழியக்கூடாது. அந்தக் கோடையில் நான் மூன்று கோல் முன்னணியில் இருக்கும்போதெல்லாம் கரண்ட் போகும். மின்வாரியத்தில் யாரோ எனக்கு எதிரணி என்று நம்பியிருந்தேன்.

காலையில் மாமா பயிற்சிக்காக மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் போவார், துணைக்கு என்னையும் கூட்டிப்போவார். அங்கே போனதும் ஒரு படியில் உட்கார்ந்து பேண்டுக்கு அடியில் முழங்காலில் கட்டியிருக்கும் பேண்டேஜைச் சரிசெய்துகொண்டு, விசிலை எடுத்து ஊதுவார். ஓடுவது நான். வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு எட்டு ரவுண்டுக்கா" என்பார். எட்டு ரவுண்டு ஓடியது உண்மைதான். ஓடியவள் சோற்றுத் தட்டின் முன்னால் தூங்கி வழிவதை அம்மா கவனிக்கவில்லை. பேண்டேஜைப் பற்றிக் கேட்டபோது, "அது ஸ்டைலுக்கு. அம்மாட்ட சொல்லாத" என்று ஒரு பாதாம் பால் வாங்கிக் கொடுத்தார். பாதாம் பாலுக்கு நான் எந்த ரகசியத்தையும் காப்பேன்.

அந்த கேமில் நாமே ஒரு ஆட்டக்காரரை உருவாக்கிச் சேர்க்கலாம். நான் மாமாவை உருவாக்கினேன். இருந்த முகங்கள் எல்லாம் வெள்ளைக்காரர் முகங்கள். இருப்பதில் கொஞ்சம் நிறமான முகத்தைத் தேர்ந்தெடுத்ததில் மாமா மஞ்சள் காமாலை வந்தவரைப்போல் இருந்தார். மாமாவின் நிஜ எண்ணான ஆறையே கொடுத்தேன். மூன்று ஆட்டம் வெளுத்து வாங்கினார். நாலாவது ஆட்டத்தில் ஒரு மலைமாடு அவரைச் சுவரோடு சேர்த்து மோதியது. ஆறாம் எண் எழுந்திருக்கவில்லை. திரையில் ஒரு கட்டம் வந்தது. முழங்கால் என்று மாமா படித்துச் சொன்னார். அடுத்த ஆட்டத்தில் அணிப் பட்டியலில் தேடினேன், அவர் பெயரே இல்லை. கேம் தானாகவே அவரை அணியிலிருந்து எடுத்துவிட்டு வேறு ஒருவனைப் போட்டிருந்தது. நான் ஓவென்று அழுதேன்.

மாமா சமாதானம் சொல்லுவார் என்று பார்த்தேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "டாக்டர்கிட்டக்கூடக் காட்டல பாரேன். நேரா பேரை எடுத்துட்டான்" என்றார்.

"அடுத்த வருஷத்துக் கேம்லயாவது திரும்பி வருவீங்களா மாமா?"

"நம்மளுக்கு என்னா வேணும்னு கம்பெனிக்காரனுக்கு எப்படித் தெரியும்? யாராவது எழுதிப் போட்டாத்தான் உண்டு."

எழுத வேண்டும் என்றால் எங்கள் வீட்டில் அது மனு ஒன்றுதான். மறுநாள் ஞாயிறு. முழுநீளத் தாளில் ஓரம் மடித்து, மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு எழுத உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் கேம் கலெக்டரின் அதிகாரத்தில் வருமா என்ற சந்தேகம் எனக்கு எழவே இல்லை. சாக்கடையும் சுடுகாட்டுப் பாதையும் அவர் அதிகாரத்தில் வரும்போது இது வராதா? ஒன்பது கோரிக்கைகளை வரிசையாக எழுதி மாமாவிடம் நீட்டினேன். மாமா சிரித்துச் சிரித்துக் கட்டிலில் புரண்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"ஒரு மனுவுல ஒரு குறைதான் எழுதணும், உங்கம்மா சொல்லும்ல? ஒண்ணே ஒண்ணு எழுது. அந்த ஆறாம் நம்பர் விஷயம்."

"பெனால்டி கார்னர்?"

"அது அடுத்த வாரம் எழுதிக்கலாம். நான் சொல்றேன், நீ எழுது."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பொருள்: ஹாக்கி விளையாட்டில் முழங்காலில் அடிபட்ட ஆறாம் எண் ஆட்டக்காரரை அணியிலிருந்து நீக்காமல், வைத்தியம் பார்த்து மீண்டும் ஆடவிட வேண்டுதல். ஐயா, மேற்படி ஆட்டக்காரருக்குப் பொங்கல் கழித்து நடந்த ஆட்டத்தில் இடது முழங்காலில் அடிபட்டது. வீட்டில் இருப்பவர்கள் அவர் மேல் நிறைய நம்பிக்கை வைத்திருப்பதால் அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஜூன் மாதம் அவரால் ஓட முடியாது.

நான் பேனாவை நிறுத்தினேன். "கேம்ல பொங்கல் ஏது மாமா?"

"எழுது பாப்பா. அப்பதான் படிக்கிறவங்களுக்குப் புரியும்" என்றார் மாமா. பேண்டுக்கு மேலாக முழங்காலைத் தடவிக்கொண்டார். கொசு கடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை அம்மா சாக்கடை அடைப்பு சம்பந்தமான நினைவூட்டு மனுவுடன் கிளம்பினாள். நானும் வருகிறேன் என்று ஒட்டிக்கொண்டேன். கலெக்டர் ஆபீசில் வரிசை வாசல்வரை நின்றது. வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்பவர், பின்னால் நிற்பவர் மனுக்களை எல்லாம் வாங்கிப் படித்துத் தேதி போட்டிருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா என்று சொல்லுவது அம்மாவுக்கு வழக்கம். ஒரு பெரியவருக்குப் பட்டா எண்ணைச் சரிபார்த்துக் கொடுத்துவிட்டுத் திரும்பியவள், என் கையில் இருந்த தாளைப் பார்த்தாள்.

"நீ என்னாடி எழுதியிருக்க?"

பெருமையாகக் கொடுத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் படிக்கத் தொடங்கினாள். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. வரிசை நகர்ந்தது, அம்மா நகரவில்லை. பின்னால் இருந்தவர், "யம்மா, போங்க" என்றார்.

"இது நீயா எழுதுன?"

"எழுதுனது நான்தான். மாமா சொன்னாரு."

"மாமா கால்ல கட்டு எதாவது கட்டியிருக்கானா?"

பாதாம் பால் நினைவுக்கு வந்தது. ஆனால் கலெக்டர் ஆபீசில் பொய் சொன்னால் ஜெயிலில் போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். "ஸ்டைலுக்குக் கட்டியிருக்காரும்மா" என்றேன்.

அம்மா தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். எங்கள் முறை வந்தது. பதிவு செய்யும் அக்கா என் மனுவைப் படித்துவிட்டு என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் பதிவு செய்து, ரசீது கொடுத்தார். அம்மா கூட்டத்தை விட்டு வெளியே வந்து நேராக பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். சாக்கடை மனு அவள் பையிலேயே இருந்தது. எனக்குத் தெரிந்து அம்மா ஒரு மனுவைக் கொடுக்க மறந்தது அந்த ஒரு நாள்தான். என் கையெழுத்து மோசமாக இருந்ததால் அவளுக்கு அவமானமாகிவிட்டது என்று நினைத்து அவள் பின்னாலேயே ஓடினேன்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதம் கழித்து அரசு முத்திரையுடன் என் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. மனுவில் கண்ட ஆறாம் எண் ஆட்டக்காரர் மாவட்ட அணிப் பட்டியலில் இல்லாததால் மனு முடித்துவைக்கப்படுகிறது என்று அதில் இருந்தது. அப்போது அந்த ஆறாம் எண் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து, எங்கள் கூடத்தில் காலை நீட்டிப் படுத்தபடி அம்மா ஊட்டிவிட்ட மீன் குழம்புச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தார். ஆபரேஷன் காலுக்குத்தானே, கைக்கு என்ன வந்தது என்று நான் கேட்டால் முறைப்பார். அந்த ஜூனில் அவர் தேர்வுக்குப் போகவில்லை. அடுத்த வருடம் போனார். ஓடினார், ஆடினார், போலீஸ் கிடைக்கவில்லை. இன்று திட்டக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டர். பெண் பிள்ளைகளின் ஹாக்கி அணியை மேய்க்கிறார். புல்தரை ஹாக்கிக்கு நல்ல கேம் இன்னும் வரவில்லை என்று இப்போதும் போனில் என்னிடம் புலம்புகிறார். கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் நான் நினைத்தால் வந்துவிடும் என்று அவருக்கு எண்ணம்.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானத்துக்கு வருகிறேன். நாங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது மாமா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டரைப் போடவில்லை. கரண்ட் இருந்தும் போடாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. என் கையிலிருந்த ரசீதைப் பிடுங்கி அவர் மடியில் வைத்தாள்.

"உன் மனு வந்து சேந்துடுச்சிடா" என்றாள். "நாளைக்குக் காலைல மொத பஸ்ஸு, பாண்டிச்சேரிக்கு."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "எஸ்.ஐ. ஆவறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டியேக்கா."

"நானா ஓடப் போறேன்? நீதானடா ஓடணும். காலைக் காட்டு."

அம்மா அவர் காலடியில் உட்கார்ந்து அந்தக் கட்டை அவிழ்க்க ஆரம்பித்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எழுதியது நான், வெயிலில் வரிசையில் நின்றது நான், ரசீது இருப்பது என் பெயரில். "அது என் மனு! கலெக்டருக்கு நான் எழுதுன மனு!" என்று காலை உதைத்துக் கத்தினேன். அக்காளும் தம்பியும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கினார்கள், அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள். ஒருத்தர்கூட, ஆமாம் பாப்பா, அது உன் மனுதான் என்று சொல்லவில்லை.