தொண்ணூற்றாறாம் பக்கம்

என் நாட்குறிப்புகள் ஆண்டுவாரியாக அலமாரியில் நிற்கின்றன. ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய தொகுதியை மட்டும் கையில் எடுத்தால் அது ஓரிடத்தில் தானாகத் திறந்துகொள்ளும். அங்கே நான்காக மடித்த ஜெராக்ஸ் தாள் ஒன்று இருக்கிறது. ஒரு சிறு கோயில் வரலாற்று நூலின் கடைசிப் பக்கம் அது. அடியில் ‘முற்றும்’ என்றும், அதன் கீழே 96 என்றும் அச்சாகியிருக்கும். எண்ணைச் சுற்றி நீலப் பேனாவில் ஒரு வட்டம். வட்டம் போட்டவள் என் மாணவி.

திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் நான் வரலாறு கற்பிக்கிறேன். அக மதிப்பீட்டின் இருபத்தைந்து மதிப்பெண்ணில் பத்தை, இணையத்தில் எல்லோரும் சேர்ந்து எழுதும் கலைக்களஞ்சியத்தில் மாணவர்கள் எழுதுவதற்கு ஒதுக்கியிருந்தேன். அங்கே யார், எந்த நாளில், எத்தனை மணிக்கு, எவ்வளவு எழுதினார் என்பதெல்லாம் பதிவாகிவிடும். சேர்த்தால் பச்சையில் கூட்டல் குறி. நீக்கினால் சிவப்பில் கழித்தல் குறி. பக்கத்தில் பைட் கணக்கில் அளவு. கையெழுத்தையும் முகத்தையும் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள் என்ற பேச்சுக்கு இனி இடமில்லை என்று மகிழ்ந்தேன். ஐந்நூறு பைட் சேர்த்தால் ஒரு மதிப்பெண், ஐயாயிரம் சேர்த்தால் பத்து. அட்டவணை போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன்.

எப்படி எழுத வேண்டும் என்று காட்டுவதற்காக, முந்தைய ஆண்டில் பத்துக்குப் பத்து வாங்கிய ஒரு மாணவனின் பத்தியை வகுப்பில் வாசித்தேன். சமவெளியில் உள்ள ஒரு கிராமத்துக் குளத்தைப் பற்றியது. மகளின் நோய் தீர்ந்த மகிழ்ச்சியில் ஓர் அரசன் வெட்டிய குளம் என்று அழகாக எழுதியிருந்தான். கடைசியில் ஆதாரமாக ஒரு கோயில் வரலாற்று நூலின் பெயர், பக்கம் 142. “மேற்கோள் என்றால் இப்படி இருக்க வேண்டும்” என்றேன். மூன்றாம் பெஞ்சிலிருந்து அவள் எழுந்தாள்.

“மேம், அது எங்க ஊருக் கொளம். அப்புடி ஒரு கதைய யாருமே சொன்னதில்ல.”

“உங்க ஊர்ல யாருக்கும் தெரியலைன்னா இல்லைன்னு ஆயிடுமா? புத்தகத்துல இருக்கே” என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த வாரம் அந்தப் பத்தி கலைக்களஞ்சியத்தில் இல்லை. அவள் நீக்கியிருந்தாள். சக மாணவர்கள் எங்கிருந்தோ அப்படியே எடுத்து ஒட்டியிருந்த சில வரிகளையும் நீக்கியிருந்தாள். அதன் பிறகு அவளுக்கு ‘அழிரப்பர்’ என்று பெயர் விழுந்தது. ஒருநாள் நான் வகுப்புக்குள் நுழையும்போது கடைசி வரிசையில் ஒருவன் சொல்லிக்கொண்டிருந்தான்: “ஏலே, அழிரப்பர் வருதுடா. ஒன் கட்டுரைக்குத் திண்டுக்கல் பூட்டா வாங்கிப் போடுலே!” அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், “பூட்டுறதுக்கு உள்ள சரக்கு இருக்கணும் அப்பு” என்றாள்.

நான் அவளைத் தனியே அழைத்துக் கேட்டேன். நீக்கினால் நீக்கியதற்குப் பதிலாக எதையாவது எழுத வேண்டாமா, அந்தக் குளத்தை யார்தான் வெட்டினார்கள்?

“தெரியலையே மேம். தெரியாதத எப்புடி எழுதுறது?”

பருவ முடிவில் அவளுடைய மொத்தக் கணக்கு கழித்தல் 4,112. என் அட்டவணையில் கழித்தலுக்குக் கட்டம் இல்லை. பெயர் பதிவு செய்ததற்காக ஒரு மதிப்பெண் போட்டேன். முப்பத்தெட்டுப் பேரில் அதுதான் மிகக் குறைவு. அப்போது எனக்கு எந்த உறுத்தலும் இல்லை. விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று அன்றைய குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

மதிப்பெண்களைக் கல்லூரியின் போர்ட்டலில் ஏற்றக் கடைசி நாள், மாலை ஐந்து மணி வரை நேரம் இருந்தது. மூன்று நாற்பதுக்கு அவள் என் அறைக்கு வந்தாள். முகமெல்லாம் வேர்வை. மாவட்ட நூலகத்திலிருந்து டவுன் பஸ்ஸுக்குக் காத்திராமல் நடந்தே வந்திருக்கிறாள். ஜெராக்ஸ் தாளை மேஜைமேல் விரித்தாள்.

“நூத்தி நாப்பத்திரெண்டாம் பக்கம்னு போட்டிருந்தாருல்ல மேம். பொஸ்தகமே தொண்ணூத்தாறு பக்கந்தான். மொதல்லருந்து கடைசி வரைக்கும் படிச்சுட்டேன், எங்க ஊரு பேரே அதுல இல்ல.” பிறகு குரல் தணிந்தது. “எம்.ஏ.வுக்கு மார்க்கு வரிசைதான மேம் பாப்பாங்க. இங்க கெடைச்சா ஒரே பஸ்ஸுல வந்துட்டுப் போயிருவேன். வெளியூருக்கு வீட்ல அனுப்ப மாட்டாக.”

தாளைப் பார்த்த கணமே எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கு மதிப்பெண் கூட்ட வேண்டுமென்றால் எதற்காக என்று துறைத்தலைவருக்கு எழுத வேண்டும். எழுதினால் போன ஆண்டின் பத்துக்குப் பத்து வெளியே வரும். அந்த நூலை நான் ஒருமுறைகூடப் புரட்டிப் பார்க்காமல் மதிப்பெண் போட்டதும், அதையே வகுப்பில் மாதிரியாக வாசித்ததும் வெளியே வரும். கணினித் திரை என் பக்கம்தான் திரும்பியிருந்தது.

“போர்ட்டல் மூடியாச்சும்மா” என்றேன்.

அவள் பார்வை என் தோளுக்குப் பின்னால் போய்த் திரும்பியது. “சரிங்க மேம்” என்று சொல்லிவிட்டுப் போனாள். தாள் மேஜைமேலேயே கிடந்தது. முதுகலைப் பட்டியல் வந்தபோது கடைசி இடத்துக்கு அவளுக்கு மூன்று மதிப்பெண் குறைந்திருந்தது.

போன மாதம் நாகல் நகரில் ஒரு செல்போன் கடைக்குப் போனேன். கீறல் விழுந்த கண்ணாடியை மாற்ற வேண்டும். கவுண்டரில் அவள் இருந்தாள்.

“வாங்க மேம்! இன்னும் பைட்டு எண்ணிக்கிட்டுத்தான் இருக்கீகளா?”

இப்போது பொய்யை நீக்கினாலும் மதிப்பெண் உண்டு, நீக்கியதற்கான காரணத்தைப் படித்துப் பார்த்துப் போடுகிறேன் என்றேன். “பரவாயில்லையே” என்று சிரித்தாள். இன்றும் கடையில் கூட்டமில்லாத நேரத்தில் கலைக்களஞ்சியத்துக்குள் போய் ஏதாவது நீக்கிக்கொண்டுதான் இருக்கிறாளாம். கண்ணாடியைக் கழற்றுகிற அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். “அன்றைக்கு...” என்று தொடங்கினேன்.

அவள் நிமிராமலே சொன்னாள்: “ஒங்களுக்குப் பின்னாடி ஒரு பீரோ இருக்கும்ல மேம். அது கண்ணாடில ஒங்க கம்ப்யூட்டர் தெரிஞ்சுச்சு. எல்லாரு மார்க்கும் தொறந்துதான் கெடந்துச்சு.”

பழைய கண்ணாடியைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

“விடுங்க மேம். டெம்பர் கிளாஸு சாதா போடவா, நல்லதாப் போடவா?”

வீட்டுக்கு வந்து அந்தத் தொகுதியை எடுத்தேன். வழக்கம்போல ஜெராக்ஸ் தாள் இருக்கும் இடத்தில் திறந்துகொண்டது. அந்த நாளின் பக்கத்தில் என் கையெழுத்து நேராக, அடித்தல் திருத்தல் இல்லாமல் ஓடுகிறது. ‘3.40: மாணவி வந்தாள். போர்ட்டல் மூடிவிட்டது.’ அதற்கு அடுத்த வரி, ‘4.25: மதிப்பெண்களைப் போர்ட்டலில் சமர்ப்பித்தேன்.’ இரண்டையும் நானே எழுதியிருக்கிறேன், ஒரே மையில். ஆறு ஆண்டுகளில் எத்தனையோ முறை இந்தப் பக்கம் என் கண்ணில் பட்டிருக்கிறது. படிக்காமல் மூடியிருக்கிறேன்.

கலைக்களஞ்சியத்தில் அந்தக் குளத்தின் பக்கத்தையும் பார்த்தேன். அவள் நீக்கியது நீக்கியபடியே இருக்கிறது. யாரும் அந்த அரசனை மீண்டும் கொண்டுவரவில்லை. குளத்தை யார் வெட்டினார்கள் என்பது இன்றும் அதில் இல்லை.

மூன்று நாற்பது வரியை அடித்துவிடப் பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை. ஓரத்தில் இன்றைய தேதியிட்டு எழுதினேன்: ‘பொய். போர்ட்டல் திறந்திருந்தது. ஆதாரம்: இதே பக்கம், அடுத்த வரி.’ பிறகு தொண்ணூற்றாறாம் பக்கத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து உள்ளே வைத்தேன். கல்லூரிப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே இன்னும் ஒன்று என்றுதான் இருக்கிறது.