இலையும் உண்ணாதவள்

கோவையிலிருந்து இரவு ரயிலில் வந்து, சென்ட்ரலில் பத்து ரூபாய்ச் சீட்டு எடுத்துப் புறநகர் ரயில் ஏறினேன். ஆவடியில் இறங்கியபோது காலை ஏழரை. பருத்திப்பட்டுக்கு ஆட்டோ நூற்றிருபது ரூபாய். நான்கு கிலோமீட்டர்கூட இராது.

"ஏரிகிட்ட யார் ஊட்டுக்குக்கா?" என்றார் ஓட்டுநர். சொன்னேன்.

"பாடி பாலத்தாண்ட லாரி அடிச்சிச்சே, அந்தப் பையன் ஊடா?" என்று கேட்டவர், வழி கேட்காமலே வாசலில் கொண்டுபோய் விட்டார்.

அந்தப் பையன் முருகன். அவன் மனைவி அபர்ணா, அம்பத்தூர் ஐ.டி. அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்தவள். விடுதியில் என் அறைத்தோழி. காதல் திருமணம். அன்றோடு பெற்றோர் அவளைக் கைகழுவிவிட்டார்கள். முருகன் இறந்து மூன்று வாரமாகியும் வரவில்லை. "அவ துன்ன மாட்டேன்றா, நீயாச்சும் வந்து சொல்லும்மா" என்று மாமியார் கோவிந்தம்மாள்தான் எனக்குப் போன் செய்திருந்தார்.

ஏரிக்கரை நடைபாதையில் ஆட்கள் வேகவேகமாக நடந்துகொண்டிருந்தார்கள். அதற்குப் பின்தெருவில் வீடு. அபர்ணா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தோளெலும்பு நைட்டிக்குள் துருத்தியது. "வந்துட்டியா" என்றாள். நான் பிசைந்து கொடுத்த ரசம் சாதத்தில் ஒரு வாய் வாங்கினாள். விழுங்க முடியாமல் துப்பிவிட்டு மறுபடி திரும்பிக்கொண்டாள்.

சமையலறையில் கோவிந்தம்மாள் மெதுவாகக் கேட்டார். "அபர்ணான்னா இன்னாம்மா அர்த்தம்? இத்தினி நாளா கூப்ட்டுகினு கீறேன், தெரியாது."

பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் தோன்றவில்லை.

"சமஸ்கிருதப் பேருங்கம்மா. பர்ணம்னா இலை. சிவனைக் கட்டிக்கோணும்னு பார்வதி தவம் இருந்தாங்க. சோத்தை விட்டாங்க, கடைசில உதிர்ந்த இலையையும் விட்டுட்டாங்க. இலைகூடத் திங்காதவங்கங்கறதால அபர்ணா."

அவர் அடுப்பை அணைத்தார். "அப்பால துன்னாங்களா?"

"சிவன் வந்துட்டாருங்கம்மா. கல்யாணம் ஆச்சு."

"அவங்களுக்கு வந்துட்டாரு" என்றார். பாத்திரத்தை இறக்கி வைத்து, "இவ யாருக்கோசரம் கெடக்குறா?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அத்தே, கதவைச் சாத்துங்க."

சாத்தினோம்.

பிற்பகலில் எழுந்து உட்காரப் பார்த்தவள் மயங்கிச் சரிந்தாள். இருவருமாகத் தாங்கி ஆட்டோவில் ஏற்றினோம். ஆஸ்பத்திரியில் நரம்பு கிடைக்காமல் நர்ஸ் கையில் பல இடங்களில் குத்திப் பார்த்தார். அபர்ணா கையை இழுக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. குளுக்கோஸ் சொட்டத் தொடங்கியதும் கோவிந்தம்மாள் கட்டிலடியில் தரையில் உட்கார்ந்து, மகன் பெயரைச் சொல்லி அழுதார். "நீ கெளம்பும்மா, ரயிலுக்கு நேரமாவுது" என்று அழுகைக்கு நடுவே எனக்கும் சொன்னார்.

எங்கள் வீட்டில் யாராவது சாப்பிடாமல் படுத்தால் கோபம் என்று பொருள். இரண்டு முறை கூப்பிட்டால் எழுந்து வந்துவிடுவார்கள். அன்று மாலை ஊர் திரும்ப ஆவடி நிலையத்தில் நிற்கும்போது எனக்குப் பசித்தது. எதிர்க்கடையில் இட்லி வாங்கி, நின்றபடியே முழுவதும் சாப்பிட்டேன். சாம்பார் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினேன்.