சீசனுக்கு நம்ம வழக்கப்படி

தென்காசிக்கு வேலைக்கு வந்த முதல் வாரத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை எழுதி வைத்திருந்தால் ஒரு முழு வினாத்தாள் தேறியிருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா, காய்கறிக் கடைக்காரர், கல்லூரி வாட்ச்மேன், ஜெராக்ஸ் கடைப் பெண் என்று எல்லோருக்கும் ஒரே பாடத்திட்டம். சொந்த ஊர் எது? வீட்டுக்காரர் என்ன வேலை? அவர் ஏன் கூட வரவில்லை? பிள்ளை எத்தனை? ஒன்றுதானா? ஏன் ஒன்று?

சென்னையில் பத்து வருடம் ஒரே அடுக்குமாடியில் இருந்தோம். எதிர்வீட்டுக்காரர் பெயர் எனக்குத் தெரியாது. அவரும் என்னைக் கேட்டதில்லை. அதைத்தான் நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கிறவள் சனிக்கிழமை சந்தையில் தக்காளி பொறுக்கினால், "ஏலே, கணக்கு மேடம் தக்காளி வாங்குதாவ" என்று எங்கிருந்தோ ஒரு குரல் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை புளியறைப் பக்கம் ரோட்டோரக் கடை ஒன்றில் புரோட்டா சாப்பிட்டேன். திங்கட்கிழமை முதல் பெஞ்சில் ஒருத்தி, "மேம், நேத்து நாலு புரோட்டாவா?" என்றாள். மூன்றுதான் என்று திருத்தினேன். கணக்கில் தப்பு இருந்தால் எனக்குப் பொறுக்காது.

கேட்ட கேள்விக்கெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னேனே தவிர, திருப்பி ஒரு கேள்வி நான் கேட்டதில்லை. "சந்தேகம் இருந்தா கேளுங்க, வெட்கப்படாதீங்க" என்று வகுப்புக்கு வகுப்பு சொல்கிறவள்தான். ஆனாலும் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஊருக்கு உபதேசம்.

அந்தக் குணத்தோடுதான் வீடு பார்த்தேன். தென்காசியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவருக்குக் குற்றாலத்தில், ஐந்தருவி போகும் சாலையில், ஒரு வீடு இருந்தது. நான்கு அறைகள், நான்கிலும் ஒட்டினாற்போல் குளியலறை, பின்னால் பெரிய சமையலறை. வாடகை அநியாயத்துக்குக் குறைவு. பாவம், இந்த அண்ணாச்சிக்கு விவரம் பத்தவில்லை என்று உள்ளூரப் பரிதாபப்பட்டேன். சாவியைக் கொடுக்கும்போது அவர் ஒன்றே ஒன்று சொன்னார்.

"சீசனுக்கு மட்டும் நம்ம வழக்கப்படி. சம்மதம்தானே டீச்சர்?"

என்ன வழக்கம் என்று கேட்டிருக்க வேண்டும். "அதெல்லாம் தெரியும் அண்ணாச்சி" என்றேன். சாரல் நேரத்தில் அவர் சொந்தக்காரர்கள் குளித்துவிட்டு வந்து துண்டு காயப்போடுவார்கள் போலிருக்கிறது, போட்டுக்கொள்ளட்டும் என்பது என் அனுமானம்.

அந்த வீட்டை நான் எனக்காக மட்டும் எடுக்கவில்லை. பதினொரு வயது மகள் சென்னையில் அப்பாவோடு இருந்தாள். அவருக்கு அங்கே வேலை. ஐந்தாம் வகுப்பை அவள் அங்கேயே முடிப்பது, அதற்குள் நான் வீடும் பள்ளிக்கூடமும் ஏற்பாடு செய்துவிட்டால் ஜூனில் என்னிடம் வந்துவிடுவது, இல்லையென்றால் இன்னொரு வருடம் அங்கேயே. இதுதான் எங்கள் ஒப்பந்தம். ஜனவரியில் போனில் அரைமணி நேரம் பேசுவாள். பிப்ரவரியில் அது பத்து நிமிடம் ஆனது. மார்ச்சில் "ம்" மட்டும் மிஞ்சியது. நான் கேட்கக் கேட்க அவள் "ம்" கொட்டுவாள், போனை வைத்த பிறகு அந்த நான்கு அறை வீட்டில் ஒவ்வொரு அறையாகப் போய் விளக்கை அணைப்பேன். அழுதேன் என்று சொல்ல எனக்கு இப்போது கூச்சமில்லை.

ஆறாம் வகுப்புக்கு இடம் வாங்கிவிட்டேன். அவளை மயக்குவதற்கு என்னிடம் ஒரே ஆயுதம்தான் இருந்தது. "அருவிச் சத்தம் கேட்டுக்கிட்டே தூங்கலாம்டி" என்று வாரம் தவறாமல் சொன்னேன். அப்போது அருவியில் பாறைதான் இருந்தது, தண்ணீர் இல்லை. குரங்குகள் சத்தம்தான் கேட்டது.

மே மாதக் கடைசியில் ஒரு நாள் மேற்கே மலை காணாமல் போனது. காற்று திரும்பியது, பொடிப்பொடியாகச் சாரல் இறங்கியது. ஊரே முகம் மலர்ந்தது. பார்க்கிறவர்கள் எல்லாம் வணக்கத்துக்குப் பதில் "தண்ணி விழுதா?" என்றார்கள். இரண்டு நாளில் அருவிச் சத்தம் வீட்டுக்குள் வந்துவிட்டது. மாடிக்கு ஓடி அதைப் போனில் பதிவு செய்து மகளுக்கு அனுப்பினேன். "சூப்பர்மா!" என்று பதில் வந்தது. மூன்று மாதத்தில் "ம்"மை விடப் பெரிய சொல் அதுதான். நாலு நாளில் அவளுக்கு ரயில்.

மறுநாள் காலை வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. அதில் மெத்தைகள். மேலே அண்டா, இட்லிக் கொப்பரை, ஒரு கட்டு பிளாஸ்டிக் வாளி. முன் சீட்டிலிருந்து அண்ணாச்சி இறங்கினார்.

"என்ன டீச்சர், இன்னும் ஒண்ணும் கெட்டி வைக்கலையா? சாரல் விழுந்துட்டுல்லா! என்னைக்கு ஒழிச்சுக் குடுக்கிய?"

"எதை ஒழிக்கணும்?"

"வீட்டத்தான். சீசனுக்கு ஆளு வர ஆரம்பிச்சுட்டாவ. நாலு ரூமையும் வாடகைக்கு விடணும்லா. என் வீட்டுக்காரி வந்து இங்கன அடுப்புப் பத்த வைக்கணும்."

எனக்கு உச்சந்தலை சுட்டது. பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில், பிள்ளை வரும் நேரத்தில், ஒரு பெண்ணைத் தெருவில் நிறுத்துவீர்களா, இதுதான் உங்கள் ஊர் நியாயமா, போலீசுக்குப் போவேன் என்று என் வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அவர் பயந்துபோய் லாரியில் சாய்ந்துகொண்டார்.

"டீச்சர், நம்ம வீட்டுல எல்லாம் ஒதுக்கி வச்சாச்சு. நீங்க வந்தா போதும்னுதான் சொல்லுதேன்."

"நான் எதுக்கு உங்க வீட்டுக்கு வரணும்?" என்று கதவைச் சாத்தினேன். காபி கொடுத்து சமாதானம் பேசக் கூப்பிடுகிறார் என்று நினைப்பு. அவர் மெத்தைகளை வராந்தாவில் அடுக்கிவிட்டு, நனையாமல் தார்ப்பாயும் போட்டு மூடிவிட்டுப் போனார்.

சூடு குறையாமல் கணவருக்குப் போன் செய்தேன். ஊரே மோசம், வீடு போச்சு, அவளை அனுப்ப வேண்டாம் என்றேன். அவர் நிதானமாக, "சரி, இந்த வருஷம் இங்கேயே படிக்கட்டும்" என்றார். பின்னாலிருந்து மகளின் குரல் கேட்டது. "ஹை! அப்போ நான் போக வேண்டாமா?"

அந்த "ஹை" என்னை உட்காரவைத்துவிட்டது.

மறுநாள் ஆசிரியர் அறையில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தேன். இயற்பியல் துறையில் ஓர் அக்கா இருக்கிறார், தினமும் செங்கோட்டையிலிருந்து வருகிறவர். என்னவென்று கேட்டார். இந்த ஊரில் யாரும் கேட்காமல் விடமாட்டார்கள். சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"அய்யே, இது அறியாதா உங்களுக்கு? வீடு மாத்திக்கிடுறதுதான் அது. சீசன் மூணு மாசமும் அவங்க குடும்பம் குற்றாலத்துக்கு வந்து ரூம் நடத்தும். நீங்க தென்காசியில அவங்க சொந்த வீட்டுல போய் இருக்கணும். செப்டம்பர்ல திரும்ப மாத்திக்கிடலாம். உங்களுக்கு முன்னாடி இருந்த தமிழ் வாத்தியார் ஏழு வருஷம் அப்படித்தானே இருந்தாரு! அதுக்குத்தானே வாடகை குறைச்சல்? உங்ககிட்ட யாரும் சொல்லலியா?"

யாராவது சொல்லியிருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியும் என்று நானே வேறு சொல்லியிருந்தேன்.

மாலை பாத்திரக்கடைக்குப் போனேன். பித்தளைக் குடங்களுக்கு நடுவில் நின்று மன்னிப்புக் கேட்பது அவ்வளவு சுலபமில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் என் முகம்தான் தெரிந்தது.

"கோவம் எதுக்கு வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா டீச்சர்? பிள்ளையப் பிரிஞ்சு இருக்கிய. யாருக்கும் வரத்தான் செய்யும்" என்றார் அண்ணாச்சி. முதல் வாரத்தில் பஸ்ஸில் என்னைக் குடைந்தெடுத்த அந்த அம்மா அவருடைய மதினியாம். நான் எரிச்சலோடு சொன்ன பதில்கள் எல்லாம் அன்று சாயங்காலமே இந்தக் கடைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ஒற்றைப் பிள்ளை, ஆறாவது போகப்போகிறது, அம்மாவோடு இல்லை என்று எல்லாம். கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த அவர் மனைவி, "பீரோவுல நடுத்தட்டு உங்க பிள்ளைக்குன்னு ஒழிச்சு வச்சிருக்கேன் டீச்சர். மேல்தட்டு எட்டாதுல்லா, சின்னப்பிள்ளை" என்றார். விலை கேட்காமல் ஒரு தோசைக்கல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்றே கணவரிடமும் மகளிடமும் பேசினேன். அவளிடம்தான் பேச்சு நீண்டது. அருவி வீடு இப்போது இல்லை, செப்டம்பரில்தான் என்றதும் அவள் பேரம் பேச ஆரம்பித்தாள். என் மகள் அல்லவா. "காலாண்டுப் பரீட்சை வரைக்கும் இருந்து பாக்குறேன். பிடிக்கலைன்னா அந்த லீவுல சென்னை வந்துடுவேன். நீ அழக்கூடாது." சம்மதித்தேன்.

வந்தாள். ஒரு சிவப்புச் சக்கரப் பெட்டியோடு இறங்கினாள். தென்காசி வீட்டில் பீரோவின் நடுத்தட்டைக் காட்டினேன். பார்த்தாள், மூடினாள். பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். துணியை அதிலிருந்தே எடுத்தாள், துவைத்ததை அதிலேயே மடித்து வைத்தாள். சாரலில் துணி எங்கே காய்கிறது, பாதி ஈரத்தோடுதான் உள்ளே போனது. அப்படியும் நடுத்தட்டு காலியாகவே கிடந்தது. தினமும் பெருக்கும்போது துடைப்பம் அந்தப் பெட்டியில் இடிக்கும். இடிக்கும்போதெல்லாம் எனக்குள்ளும் இடித்தது.

மற்றபடி அது வேடிக்கையான வாழ்க்கை. அடுத்தவர் மிளகாய்ப்பொடி டப்பா, அடுத்தவர் சாமிப்படம், அடுத்தவர் பல்லி. வீட்டோடு சேர்ந்து உறவுகளும் கைமாறியிருந்தன. பக்கத்து வீட்டில் பலாப்பழம் வெட்டினால் எங்களுக்கு ஒரு பங்கு வந்தது. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள், "அவாளும் வரட்டும், நீங்களும் வாங்க" என்று எனக்கும் ஒன்று வைத்தார்கள். அண்ணாச்சி மகள் விட்டுப்போன சைக்கிளை என் மகள் எடுத்துக்கொண்டாள். ஒரு மாதத்தில் அந்தத் தெருப் பிள்ளைகள் வாசலில் நின்று "ஏட்டி, வாரியா?" என்று கூப்பிட, அவள் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள்.

ஜூலையில் அவள் அப்பா வந்தார். மூவரும் ஐந்தருவியில் குளித்துவிட்டுப் பசியோடு எங்கள் வீட்டுக்கே விருந்தாளியாகப் போனோம். என் படுக்கையறையிலிருந்து தலையில் துண்டு கட்டிய ஒரு குடும்பம் வெளியே வந்தது. அண்ணாச்சி மனைவி இலை போட்டுச் சோறு பரிமாறினார். "சங்கடப்படாம சாப்பிடுங்க, உங்க வீடு மாதிரி நெனச்சுக்கிடுங்க" என்றார். கணவருக்குப் புரை ஏறியது.

செப்டம்பரில் அருவி நூலாக இளைத்தது. ஊருக்கு வந்த கூட்டம் கலைந்தது. காலாண்டுப் பரீட்சை முடிந்த மறுநாள் வீடு மாற்றுவது என்று முடிவானது. மகள் பேரம் பேசி வைத்த அந்தக் கெடுவும் அதே நாள்தான். என்ன முடிவு செய்தாய் என்று அவளைக் கேட்க ஒரு வாரமாக நாக்கு நுனி வரை வந்தது. வழக்கம்போலக் கேட்கவில்லை. இந்தத் தடவை திமிரில்லை, பயம்.

காலையில் மினி லாரி வந்தது. மகள் அந்தச் சிவப்புப் பெட்டியை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பெட்டி நல்ல கனம் போலிருந்தது.

"எல்லாத் துணியும் எடுத்துட்டியா?" என்று மட்டும் கேட்டேன்.

"துணியா? இதுல வெங்காயமும் தேங்காயும்மா. பக்கத்து வீட்டு அத்தை குடுத்தாங்க. சாக்கு இல்ல, அதான்."

உள்ளே ஓடிப் பீரோவைத் திறந்தேன். நடுத்தட்டில் அவள் பாவாடைகள், பழைய நோட்டுகள், ஒரு டப்பா நிறையக் கூழாங்கற்கள். எப்போது குடியேறினாள் என்று தெரியவில்லை. துடைப்பம் இடித்ததை மட்டும் கவனித்த நான், பெட்டியையோ பீரோவையோ அதற்குப் பிறகு ஒரு தடவையாவது திறந்து பார்க்கவில்லை.

"இதையெல்லாம் ஏன் விட்டுட்டுப் போற? எடுத்து வை. அவங்க வீடு இது" என்றேன்.

சைக்கிளை ஒப்படைக்கத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, எதுவும் தெரியாத மாணவியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"பாத்திரக்கடை அத்தைகிட்ட கேட்டுட்டேன், இருக்கட்டும்னாங்க. அடுத்த சீசனுக்கு இங்கதானேம்மா வருவோம்? வழக்கம் தெரியாதா உனக்கு?"

நான் அழக்கூடாது என்றுதான் ஒப்பந்தம். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை.