கடை விலாசம்

மூச்சுக்குத் தவிக்கும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தாய் பொய் விலாசம் சொல்வாளா? நான் சொன்னேன். ஏன் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

கண்டி நகர எல்லைக்குள்ளேயே தேயிலை சூழ்ந்த ஒரு மேட்டில் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயம் இருக்கிறது. அதற்கென்று விலாசம் இல்லாததால், எங்கள் கடிதங்கள் கீழே பிரதான வீதியிலுள்ள, நானா என்று நாங்கள் அழைக்கும் முஸ்லிம் பெரியவரின் கடைக்குத்தான் வரும். தேயிலைத் தோட்டத்து ஆள் என்றால் மதிக்கமாட்டார்கள் என்று பயந்து, வேலையிடத்திலும் அதையே வீட்டு விலாசமாகக் கொடுத்திருந்தேன்.

நாலு வயது மகளுக்கு இழுப்பு வந்த அன்று, அம்புலன்ஸுக்கும் பழக்கத்தில் அதையே சொல்லிவிட்டேன். லயத்து வாசலிலேயே காத்திருந்தேன். அவள் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது.

நானா மூச்சிரைக்க மேடேறி வந்தார். "என்னா புள்ள, அம்புலன்ஸ் கடையடியில நிக்குது. ஒங்க பேரச் சொல்லிக் கேக்குறாங்க."

"கடையத்தான் வீடுன்னு சொல்லிட்டேன், நானா."

"சரி, வீடுதான். புள்ளயத் தாங்க."

அவளைத் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கி ஓடினார்.

மகள் பிழைத்துவிட்டாள். ஆனால் இழுப்பு திரும்பவும் வரலாம் என்கிறார் டொக்டர்.

இப்போது முன்பள்ளிப் படிவத்தில் விலாசம் கேட்டிருக்கிறார்கள். லயத்தை எழுதினால் பிள்ளையை ஒதுக்குவார்களோ? கடையை எழுதினால், அவளுக்கு ஏதாவதென்றால் எங்களை எங்கே தேடுவார்கள்? நீங்களாக இருந்தால் எதை எழுதுவீர்கள்? தயவுசெய்து சொல்லுங்கள்.