நாலு வாரப் பத்தியம்

இரும்புக் கிடங்கில் கிரேன் ஓட்டுகிறவரை எல்லோரும் 'மாடிவீட்டுக்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் ஏணியேறிக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தால், சாப்பாட்டு நேரம் தவிர சாயங்காலம்வரை இறங்க மாட்டார். பத்தொன்பது வருஷத்தில் ஒரு குழாய்கூட அவர் பிடியிலிருந்து நழுவியதில்லை.

முதல் தடவை அது வந்தது ஒரு புதன்கிழமை, சாப்பிட்டுவிட்டு மேலே ஏறிய அரை மணியில். காதுமடல் கொதித்தது. முகம் குப்பென்று சிவந்தது, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, உடம்பெல்லாம் அரிப்பு. கொக்கியில் இரண்டு டன் குழாய்க்கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை இறக்கி வைத்தார்.

கீழே வந்தவரின் முகத்தைப் பார்த்து ஃபோர்மேன், "என்னய்யா, மாடியில தனியா ஏதும் ஊத்திக்கிட்டியா?" என்றார். சிரித்தாலும் கண் சிரிக்கவில்லை.

பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை வந்தது. ஒவ்வாமைப் பரிசோதனையில் ஒன்றும் அகப்படவில்லை. டாக்டர் அனுப்பிய உணவு ஆலோசகர் அம்மாள்தான் சாப்பாட்டைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். மனைவிக்குத் தையல் வேலை தலைக்கு மேல் இருந்ததால், ஞாயிற்றுக்கிழமையே தக்காளியும் கத்திரிக்காயும் போட்டு மீன் சமைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவாள், புதன்வரை அதுதான்.

"மீன் பழசாக ஆக அதுல ஹிஸ்டமின்னு அரிப்பு உண்டாக்குற ஒரு பொருள் கூடிக்கிட்டே போகும். உங்க உடம்புக்கு அதைக் கரைக்கிற சக்தி கம்மியா இருக்கலாம். உறுதியா சொல்ல டெஸ்ட் இல்ல, சாப்பாட்டை மாத்தித்தான் பாக்கணும். பழைய மீன், ஊறுகாய், புளிக்க வெச்சது, தக்காளி, கத்திரிக்காய், பசலைக்கீரை, இதெல்லாம் நாலு வாரம் நிறுத்துங்க. அப்புறம் என்கிட்ட வாங்க, ஒண்ணொண்ணா திரும்பச் சேர்ப்போம்."

பத்து நாளில் சிவப்பும் அரிப்பும் போன இடம் தெரியவில்லை. ஆனால் நாலு வாரம் முடிந்தும் அவர் போகவில்லை. நல்லாயிருக்கிறதை எதற்குக் கிளறுவது என்று இருந்துவிட்டார்.

ஒருநாள் முட்டை சாப்பிட்டபின் காது லேசாகச் சுட்டது. அன்று கூண்டுக் கண்ணாடியில் வெயில் நேராக அடித்ததை அவர் கணக்கில் எடுக்கவில்லை. முட்டை போயிற்று. அடுத்து பருப்பு, வாழைப்பழம், பால்.

"பால் நேத்துவரைக்கும் ஒத்துக்கிட்டுதேங்க?" என்றாள் மனைவி.

"மேலே உட்கார்ந்திருக்கிறது நீயா, நானா?"

தன் கையால் ஆக்கிப்போட்ட மீனல்லவா என்ற உறுத்தல் அவளுக்குள் இருந்தது. தையலை நிறுத்திவிட்டு மூன்று வேளையும் புதிதாகச் சமைத்தாள். எட்டாவது மாதத்தில் சமைப்பதற்குச் சோறும் சுரைக்காயும் கேரட்டும்தான் மிச்சமிருந்தன. அவர் பெல்ட்டில் புதிதாக மூன்று ஓட்டை போட்டிருந்தார். கேட்டவர்களிடம், "உடம்பு இப்பதான் கட்டுக்குள்ள இருக்கு" என்பார்.

அந்த மாதம் ஒருநாள் காலை காது சுடவில்லை, அரிக்கவுமில்லை. அதனால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. கொக்கியில் குழாய்க்கட்டைத் தூக்கினார். கண்ணாடியின் ஓரங்கள் இருண்டன. கண் திறந்தபோது அவர் லீவர்மேல் சரிந்து கிடந்தார். கீழே யாரோ அலறினார்கள். குழாய்க்கட்டு லாரியின் ஓட்டுநர் பக்கக் கதவை நசுக்கிவிட்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் ரசீது வாங்க இறங்கிப் போயிருந்தார். பத்தடி தள்ளி, கையில் ரசீதோடு அப்படியே நின்றார்.

ஏணியில் இறங்கியவர் தானாகவே ஃபோர்மேனிடம் போனார். "ரெண்டு மூணு செகண்ட் எனக்கு நினைவே இல்ல. தப்பு என்னோடதுதான்."

இந்தத் தடவை ஃபோர்மேன் கேலி பேசவில்லை. அவரைக் கீழே, லாரிகளை நிறுக்கும் எடைமேடைக்கு மாற்றினார்.

மறுபடி போனபோது உணவு ஆலோசகர் அம்மாள் எடை பார்த்தார். பதினோரு கிலோ குறைந்திருந்தது. "நாலு வாரம்னுதானே சொன்னேன்?"

"எட்டு மாசமா ஒண்ணும் வரலையேம்மா."

"பட்டினி கிடந்தா அது வராதுதான். மயக்கம் வரும்."

நிறுத்தியவற்றை மூன்று நாளைக்கு ஒன்றாக, துளித்துளியாகச் சேர்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் மனைவி எதிரில் உட்கார்ந்து அவர் காதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"சுடுதா?"

"இல்ல."

"பொய் சொல்லாதீங்க."

முட்டையும் பருப்பும் பாலும் வாழைப்பழமும் ஒன்றும் செய்யவில்லை. அன்றன்று வாங்கிய மீனும் பரவாயில்லை. கத்திரிக்காய்க்கு உடம்பு தடித்தது. ஒரு ஸ்பூன் ஊறுகாய்க்கு முகம் பழையபடி சிவந்தது. அவை இரண்டும் நின்றன.

ஐந்தாவது மாதம், மேலே ஏறலாம் என்று டாக்டர் கடிதம் கொடுத்தார். ஃபோர்மேன் அதைப் படித்துவிட்டு, "நாளைக்கு ஏறுறியா?" என்றார்.

கொக்கியில் ஒரு கட்டு இரண்டு ஆட்களுக்கு அருகே மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. அது தரையைத் தொடும்வரை அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒரு மாசம் எடைமேடையிலயே இருந்துக்கறேனே."

ஃபோர்மேன் வற்புறுத்தவில்லை.