எங்கை போறியள் எண்டு கேக்காத கார்க்காரன்

வாடகைக் கார் ஓடுறவன் ஏறின ஆளிட்டைக் கேக்கவேண்டிய முதற் கேள்வி “எங்கை போறியள்?” எண்டதுதான், எங்கட சனத்திட்டைக் கேக்கவே கூடாத கேள்வியும் அதுதான். வெளிக்கிடேக்க ஆரும் அப்பிடிக் கேட்டால் போற காரியம் சரிவராதாம். கிளிநொச்சிச் சந்தையடியில ஒரு பழைய ஒஸ்ரின் காரை வைச்சுக்கொண்டு நான் பட்ட பாடு, ஸ்ரேறிங் பிடிச்ச ஆக்களுக்குத்தான் விளங்கும். கார் ஓடாத ஆக்களும் வாசியுங்கோ, பாவம் எண்டாவது சொல்லுவியள்.

கை காட்டினால் போதும்

தொழில் துவங்கின புதிசு. மகளுக்குச் சம்பந்தம் பேச வெளிக்கிட்ட ஒரு ஐயா பட்டு வேட்டியும் வெத்திலைத் தட்டுமா வந்து ஏறினார். நான் பெரிய மரியாதைக்காரன்மாதிரித் திரும்பி, “எங்கை ஐயா போறியள்?” எண்டன். மனிசன்ர முகம் கறுத்துப் போச்சு. இறங்கினார். தேத்தண்ணிக் கடையில தண்ணி வாங்கிக் குடிச்சார், அங்கை கிடந்த மர வாங்கில கொஞ்சநேரம் இருந்தார், இப்பத்தான் வீட்டால வெளிக்கிடுறவர்மாதிரி வந்து திரும்ப ஏறினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

“தம்பி, நீர் ஓடும். எந்தப் பக்கம் எண்டு நான் கை காட்டுறன்.”

கசாயப் போத்தல்

அதுக்குப் பிறகு நான் வாயே திறக்கிறேல்லை. ஒண்டும் கேக்காத கார்க்காரன் எண்ட பேரைக் கேட்டுத்தான் அன்னம்மாக்கா என்னைத் தேடி வந்தவா. யாழ்ப்பாணத்தால வந்து இரணைமடுக் குளத்துத் தண்ணி பாயிற காணி எடுத்துக் குடியேறின குடும்பம். மகன் தருமலிங்கம், மருமகள் பூமணி. கலியாணம் முடிச்சு ஏழெட்டு வருசமாப் பிள்ளை இல்லை. கோயில் மரத்தில தொட்டில் கட்டவும் என்ர கார்தான், பூநகரிப் பக்கத்துப் பரியாரியாரிட்டைப் போகவும் என்ர கார்தான். எந்தப் பரியாரியும் நாடி பிடிக்கிறது பூமணியின்ர கையிலதான். கசாயம் அவளுக்கு, பத்தியம் அவளுக்கு, விரதமும் அவளுக்கு. தருமலிங்கம் முன் சீற்றில இருந்து வயல் பாத்துக்கொண்டு வருவார். கெட்ட மனிசன் இல்லை. அவரை ஆரும் ஒண்டும் கேக்கேல்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் பூநகரியால திரும்பி வரேக்க அன்னம்மாக்கா கதையோட கதையா, தை பிறக்கும்வரைதான் பாக்கிறது, பிறகு தன்ர தமையன்ர மகளைத் தருமலிங்கத்துக்குக் கட்டி வைக்கிறது எண்டு சொன்னா. பூமணி பக்கத்திலதான் இருக்கிறாள், மடியில கசாயப் போத்தல். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. றோட்டில ஒரு பள்ளக் கிடங்காப் பாத்து வேணுமெண்டே காரை இறக்கினன். பூமணி போத்தலை ஊத்துப்படாமல் பிடிச்சுக்கொண்டு மெல்லக் கேட்டாள்.

“மாமி, அந்தப் பிள்ளைக்கும் இதே கசாயந்தான் குடுப்பியளோ?”

வேலிக்கு அங்காலை

அந்தக் கேள்வி அன்னம்மாக்காவுக்கு எங்கையோ குத்தியிருக்க வேணும். அடுத்த கிழமை மருமகளைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனா. அங்கை இருந்த டொக்குத்தர், யாழ்ப்பாணத்தில இதுக்கெண்டு ஒரு டொக்குத்தரம்மா இருக்கிறா, புருசனும் பெண்சாதியும் சேர்ந்து போங்கோ எண்டிட்டார்.

விடியக் காரை அவையின்ர வீட்டுப் படலையடியில விட்டன். மூண்டுபேரும் ஏறினதுதான் தாமதம், வேலிக்கு அங்காலை வேப்பங்குச்சியோட நிண்ட வேலுப்பிள்ளையர், “எங்கை, எல்லாருமாப் போறியள்?” எண்டார். அன்னம்மாக்கா சேலையைச் சுருட்டிக்கொண்டு இறங்கிட்டா. பயணம் அதோட நிண்டுது. மற்றமுறை இன்னும் வெள்ளனப் போனன். அந்த மனிசன் எனக்கும் முதல் எழும்பி நிக்கிறார்! திரும்பவும் அதே கேள்வி, திரும்பவும் பயணம் நிண்டுது. இறங்கேக்க பூமணியின்ர முகத்தைப் பாத்தன். தைக்கு எவ்வளவு நாள் இருக்கு? நேர வேலியடிக்குப் போய், உமக்கு வேற வேலை இல்லையோ எண்டு கத்தினன். மனிசன் உண்மையாவே கவலைப்பட்டுப் போனார்.

“பக்கத்து வீட்டில கார் வந்து நிக்குது. ஒரு சொல்லுக் கேக்காமல் விட்டால் நான் என்ன அயலவன், தம்பி?”

மண்வெட்டிப் பயணம்

பூமணி கெட்டிக்காரி. சந்தைக்கு வந்த சாட்டில என்னட்டை வந்து, “அண்ணை, நாளைக்கு வாய்க்கால் கட்டடியில நில்லுங்கோ. வீட்டடிக்கு வரவேண்டாம்” எண்டாள். போய் நிண்டன். புருசன் மண்வெட்டியைத் தோளில வைச்சுக்கொண்டு முன்னால வாறார், அவள் சாப்பாட்டுப் பொதியோட பின்னால வாறாள். வயலுக்குப் போறவையை எங்கை போறியள் எண்டு ஆர் கேப்பினம்? பொதிக்குள்ள சோறு இல்லை, மாத்திக் கட்ட நல்ல சேலையும் வேட்டியும். மண்வெட்டியைக் காரின்ர பின் பெட்டிக்குள்ள போட்டு மூடிக்கொண்டு ஆனையிறவு தாண்டினம்.

டொக்குத்தரம்மா பூமணியை நல்லாச் சோதிச்சுப்போட்டு, “உமக்கு ஒரு குறையும் இல்லை, இனி அவரைச் சோதிக்க வேணும்” எண்டாவாம். தருமலிங்கம் விறுவிறெண்டு வந்து காருக்குள்ள ஏறிட்டார். “ஆம்பிளைக்கு என்ன சோதனை? காரை எடும்” எண்டு எனக்குச் சத்தம். நான் சாவியைத் தேடுறமாதிரி சேட்டுப் பை எல்லாம் தடவிக்கொண்டு நிண்டன். பூமணி வந்தாள். அழேல்லை, சண்டை பிடிக்கேல்லை. கதவைத் திறந்து பிடிச்சுக்கொண்டு நிண்டாள்.

“இவ்வளவு வருசமும் நான் குடிச்ச கசாயத்தில ஒரு மிடறு உங்களைக் குடிக்கச் சொன்னனானோ? இண்டைக்கு ஒருக்கா உள்ளை போயிட்டு வாங்கோ.”

படலையடியில

சோதனை முடிவு கேக்க இன்னொரு மண்வெட்டிப் பயணம். குறை தருமலிங்கத்திலதான். சின்ன ஒப்பிறேசன் ஒண்டு செய்து பாக்கலாம், சரிவரும் எண்டு சத்தியம் பண்ணமாட்டன் எண்டாவாம் டொக்குத்தரம்மா. திரும்பி வரேக்க ஆனையிறவில தருமலிங்கம் காரை நிப்பாட்டச் சொன்னார். இறங்கிப்போய்த் தண்ணிக்கரையில அங்காலை பாத்துக்கொண்டு நிண்டார். தோள் ரண்டும் குலுங்கினது. பூமணி கிட்டப் போய்ப் பக்கத்தில நிண்டாள். நான் பொனெற்றைத் திறந்து எஞ்சினைப் பாத்தன். எஞ்சினுக்கு ஒண்டுமில்லை, எனக்குத்தான் கண் கலங்கிப் போச்சு.

வாய்க்கால் கட்டடியில இறக்கப் போனன். “வேண்டாம், வீட்டடிக்கே விடும்” எண்டார். படலையில அன்னம்மாக்கா நிக்கிறா. வேலிக்கு அங்காலை வேலுப்பிள்ளையரும் நிக்கிறார். நல்ல சேலையைக் கண்டவுடன அன்னம்மாக்கா, “எனக்கு ஒளிச்சு எங்கையடி கூட்டிக்கொண்டு போனனி?” எண்டு பூமணியில பாய்ஞ்சா. தருமலிங்கம் மண்வெட்டியோட ரண்டுபேருக்கும் நடுவில போய் நிண்டார்.

“அம்மா, பூமணியில ஒரு குறையும் இல்லை. குறை என்னில. இனி அவளை ஒண்டும் சொல்லாதையுங்கோ.”

பட்டப்பகல்

அதுக்குப் பிறகு அந்த வீட்டில தமையன்ர மகளின்ர கதை எழும்பேல்லை. அன்னம்மாக்கா பூமணிக்குக் கசாயம் காய்ச்சிறதையும் விட்டிட்டா எண்டு கேள்வி. பிறகு ஒருநாள் தானே சந்தையடிக்கு வந்து, “தம்பி, நாளைக்குக் காலமை வீட்டுக்கு வாரும், விடிஞ்சு வெயில் ஏறினாப் பிறகு வாரும்” எண்டா. அடுத்தநாள்தான் ஒப்பிறேசன்.

போனன். மூண்டுபேரும் ஏறிச்சினம். அன்னம்மாக்காவின்ர மடியில இந்தமுறை சுடுதண்ணிப் போத்தல், மகனுக்கு. வேலியடியில வேலுப்பிள்ளையர் நிக்கிறார். ஆனால் அவர், அண்டைக்குப் படலையடியில நடந்த கதை எல்லாம் காதில விழுந்த மனிசன், வேப்பங்குச்சியை வாய்க்குள்ள வைச்சுக் கடிச்சுக்கொண்டு நிலத்தைப் பாத்தார். நான் அப்பாடா எண்டு கியரைப் போட, அன்னம்மாக்கா என்ர தோளில தட்டி நிப்பாட்டச் சொன்னா. கண்ணாடியை இறக்கித் தலையை வெளிய நீட்டினா.

“என்ன வேலுப்பிள்ளையர், இண்டைக்கு ஒண்டும் கேக்கேல்லையோ? யாழ்ப்பாணத்துக்கு, என்ர மகனுக்கு வைத்தியம் செய்யப் போயிட்டு வாறம். வந்து சொல்லுறன்!”

இப்ப அந்த வீட்டுக்குக் காரைக் கொண்டுபோனால் பூமணியின்ர குட்டிப் பெட்டை எல்லாருக்கும் முதல் ஓடிவந்து ஏறி, பின் சீற்றில நிண்டுகொண்டு, நான் கேக்கப் பயந்த கேள்வியை “எங்கை போறம், எங்கை போறம்” எண்டு இறங்கும்வரை கேக்கிறாள், ஆனால் அன்னம்மாக்கா அதுக்காக ஒருக்காலும் பயணத்தைத் திருப்பேல்லை.